ஐயா என்ன நினைக்கிறார்

"இதுல என்னோட நிலைப்பாடு என்னம்மா?" என்று ஐயா கேட்டார்.

காலை பத்தரை மணி இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்த மேகத்தைப் பார்த்தபடி, சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். எதில் என்று கேட்டேன். "அதான், இந்த ஒப்பந்தம். வெளிநாட்டுச் சரக்கு வரியில்லாம வரலாம்கிறாங்களே. நாளன்னைக்கு ஓட்டெடுப்புன்னு கொறடா போன் பண்ணினான். நான் ஆமாங்கிறேனா, இல்லைங்கிறேனா?" பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவர் மறுபடி மேகத்துக்குப் போய்விட்டார்.

சிரிக்காதீர்கள். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர், தான் என்ன நினைக்கிறோம் என்பதைக் குமாஸ்தாவிடம் கேட்கிறாரே என்று உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். என் மேசைக்குப் பின்னால் ஒரு மர இழுப்பறை இருக்கிறது. ஐயா இதுவரை எதைப் பற்றியெல்லாம் என்னவெல்லாம் சொன்னாரோ அத்தனையும் அதில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கிறது. ஓர் அட்டைக்கு ஒரு கருத்து. மேலே தேதி, இடம், யாரிடம் சொன்னது. கீழே அதைக் காதால் கேட்டவரின் சுருக்கொப்பம். காதால் கேட்காததை எழுதக் கூடாது என்பது ஐயாவே போட்ட விதி. பத்தொன்பது வருஷமாக அந்தக் காது என்னுடையது. வணிகம், பாதுகாப்பு, சொந்த ஊர் என்ற மூன்று பிரிவுகள்தான் தடிமன். தெருநாய், நூலகம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் பின்னால் ஒல்லியாகக் கிடக்கும்.

கடிதம் வந்தால் அட்டையைப் பார்த்துப் பதில் எழுதுவதும் நான்தான். மலைப்பக்கத்துப் பழத்தோட்டக்காரர்கள் எழுதினால் வணிகத்திலிருந்து ஓர் அட்டை எடுப்பேன். பாராசூட் ஆலையில் வேலை பார்க்கிற பெண்கள் எழுதினால் சொந்த ஊரிலிருந்து எடுப்பேன். தோட்டக்காரருக்குப் பழம் கடல் தாண்டும். ஆலைக்காரிக்கு வேலை நிலைக்கும். இரண்டும் ஐயா தன் வாயால் சொன்னதுதான். ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அந்தத் தோட்டக்காரரும் இந்த ஆலைக்காரியும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களை மாற்றிப் படித்துக்கொள்ளாதவரை யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அதை ஒரு சாமர்த்தியமாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷமாக ஐயாவுக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருக்கிறது. எனக்கும் டிரைவர் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அவையில் கையில் அட்டை இருந்தால் போதும், மனுஷன் இன்னும் சிங்கம்தான். சும்மா சொல்லக் கூடாது, எதிர்க்கட்சிக்காரர்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். காரில் ஏறியதும், "இன்னைக்கு எங்க போறோம்?" என்பார். வீட்டுக்குங்க என்றால், "அப்பாடா" என்று சிரிப்பார். மூத்த அண்ணன் இல்லாத வீட்டில் பிறந்தவள் நான். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம்.

இந்த ஒப்பந்தத்துக்கு மட்டும் ஒரே நாள், ஒரே கை. உயர்த்த வேண்டும், இல்லை உயர்த்தக் கூடாது. தோட்டக்காரருக்கு ஒரு கை, ஆலைக்காரிக்கு ஒரு கை என்று அவையில் விட மாட்டார்கள். ஒப்பந்தம் வந்தால் படைக்கு வேண்டிய பாராசூட்டுகளை வெளியிலிருந்து வாங்கலாம். வந்த மறுமாதமே ஆலையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் வாசலில் எழுதியே ஒட்டிவிட்டது. அந்த ஆலையில் என் அக்கா இருபத்தாறு வருஷமாக இருக்கிறாள்.

அக்காவுக்குத் தையல் வேலை இல்லை. தைத்து வருவதில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. நூல் எங்கே நழுவியிருக்கிறது, துணி எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்த்து நீலச் சாக்பீஸால் வட்டம் போடுவாள். அத்தான் போன பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் போடுகிற காப்பி, மடிக்கிற போர்வை, பேசுகிற பேச்சு, எதிலும் அவள் கண்ணுக்கு ஒரு வட்டம் தட்டுப்படும். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாராசூட்டில் ஓட்டை பார்க்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு இந்த வயதில் அவள் எந்தக் கதவைத் தட்டுவாள்? வீட்டில் சும்மா உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் சுருண்டுவிடுவாள். அது எனக்கு என் உள்ளங்கையைத் தெரிகிற மாதிரி தெரியும்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அவள் சொன்னாள்: "உங்க ஐயா லெட்டர போர்டுல ஒட்டி வச்சிருக்காங்க. 'என் ஊரின் கைகள் வேலையிழக்க என் கை உயராது'ன்னு இருக்கு. அவளவளும் வந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போறா."

"ம்."

"இது அவரு நினைச்சதா, நீ நினைச்சதா?"

"அவரு சொன்னதுதான். அட்டை இருக்கு. தேதி போட்டிருக்கு."

"சொன்னதைக் கேக்கல. நினைச்சதா?"

"போக்கா, உனக்கு எதுலயும் ஓட்டைதான் தெரியும்" என்று நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். குழாயைத் தேவைக்கு மேல் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் அதற்கு மேல் அவள் பேசியது கேட்கவில்லை.

மறுநாள் ஆலையிலிருந்து ஐந்து பேர் ஐயாவைப் பார்க்க வருவதாக இருந்தது. அக்காவும் அதில் ஒருத்தி. அவர்கள் வருவதற்கு முன் இழுப்பறையைத் திறந்து மூன்று பிரிவிலும் கைவிட்டேன். வணிக அட்டை சொன்னது: 'வரிச்சுவர் இறங்க வேண்டும். நம் மலைப்பழம் கடல் தாண்ட வேண்டும்.' பாதுகாப்பு அட்டை சொன்னது: 'படைக்கு எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது அதை மாட்டிக்கொண்டு குதிக்கிறவனின் உயிர்.' சொந்த ஊர் அட்டையில் இருந்த வரிதான் ஆலை போர்டில் ஒட்டியிருக்கிறது. மூன்றின் கீழும் என் சுருக்கொப்பம். மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். பிறகு வணிக அட்டையை எடுத்து என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

நான் எதையும் புதிதாக எழுதவில்லை, எதையும் கிழிக்கவில்லை. ஓர் அட்டை அன்றைக்குக் கையில் அகப்படவில்லை, அவ்வளவுதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வாய்க்கு என்ன, என்ன வேண்டுமானாலும் சொல்லும். கைதான் ஜிப் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்தது.

ஐயா இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐயா படித்தார். என்னத்தைச் சொல்ல! நான் காய்ந்த பேனாவால் கிறுக்கிவைத்த ஒற்றை வரி அவர் தொண்டைக்குள் போய் வேறொன்றாக வெளியே வந்தது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேர் அழுதார்கள். நான்கூடக் கொஞ்சம். அக்கா மட்டும் அழாமல் அவர் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயா படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். யாரும் எதிர்பார்க்காமல், அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "அந்த வெளிநாட்டுக்காரங்க துணி எப்படிம்மா இருக்கு? பாத்திருக்கியா?"

"மாதிரிக்கு ஒண்ணு அனுப்பியிருக்காங்கய்யா. பாத்தேன்."

"எப்படி?"

பக்கத்தில் இருந்தவள் அக்காவின் தொடையைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் வலித்திருக்கும். "நல்லா இருக்குங்கய்யா" என்றாள். "எங்களுதை விட லேசு. எங்களுதுல ஒன்பது இடத்துல சாக்பீஸ் வட்டம் போட்டேன். அதுல மூணுதான்."

ஐந்து பேரில் நால்வர் அவளை வெட்டிவிடுவதுபோல் பார்த்தார்கள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, உனக்காகத்தானே இதெல்லாம் செய்கிறேன்! இந்த ஒரு நாள் உன் கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? அவளோ வேலையிடத்தில் மேஸ்திரி கேட்டால் சொல்வதுபோல, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் எப்போது இறங்கியது, வெட்கம் எப்போது ஏறியது என்று சொல்லத் தெரியவில்லை. நான் கைப்பையைத் திறந்து மூன்றாவது அட்டையை எடுத்து ஐயாவுக்கு முன்னால் வைத்தேன். "இதுவும் இருக்குங்க ஐயா. எடுத்துவைக்க விட்டுப்போச்சு."

அவர் படித்தார். மூன்றையும் சீட்டுக்கட்டு பிடிப்பதுபோலக் கையில் விரித்துப் பிடித்தார். "மூணும் நான் சொன்னதா?"

"ஆமாங்க ஐயா."

"எதை நினைச்சும்மா சொன்னேன்?"

"அது அட்டையில இல்லைங்க ஐயா."

ஐயாவுக்கு எதுவும் ஞாபகமில்லை என்பது பெண்களுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஐயா அதைக் கவனிக்கவில்லை, கவனித்தாலும் அலட்டிக்கொள்ளவில்லை. அக்காவிடம், "அதை நான் பாக்கலாமா? ரெண்டையும்" என்றார். வாங்கய்யா என்று அவளும் வீட்டுக்கு அழைப்பதுபோலச் சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் ஓட்டெடுப்பு நாள் காலை பதினொரு மணிக்கு நாங்கள் ஆலையில் இருந்தோம். மூன்று மணிக்கு அவை. அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ஒன்றே கால் மணிக்காவது கிளம்ப வேண்டும் என்று டிரைவர் அண்ணன் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

ஓட்டை பார்க்கிற கூடத்துக்குள் அதுவரை நான் போனதில்லை. ஒரே வீட்டில் படுத்து எழுகிறவள் இருபத்தாறு வருஷமாகப் பகலெல்லாம் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. கூடத்தில் ஒரு மேசைகூடக் கிடையாது. மேலே நெடுக கண்ணாடிக் கூரை. தரையில் வளையங்கள். பாராசூட்டின் விளிம்பை அந்த வளையங்களில் கட்டி, ஆளுயரக் காற்றாடியை முடுக்கிவிட்டார்கள். கசங்கிக் கிடந்த கரும்பச்சைத் துணி மூச்சு இழுத்து, புரண்டு, எழுந்து, கூரையைத் தொடுகிறவரை நின்றது. விளிம்பை ஓரிடத்தில் தூக்கி அக்கா உள்ளே நுழைந்தாள். ஐயா குனிந்து பின்னால் போனார். நானும் போனேன். உள்ளே பெரிய மரத்தடியில் நிற்கிற மாதிரி பச்சை வெளிச்சம். அக்கா அண்ணாந்தபடி, மெல்ல, தையல் வரிசையை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொட்டுக்கொண்டே நடந்தாள். வீட்டில் தொணதொணவென்று பேசுகிறவள் அங்கே வாயே திறக்கவில்லை.

வெளியே வந்ததும் சொன்னாள்: உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் எந்த வரிசையில் நின்றோம் என்பது தவறிவிடும். முதலிலிருந்து பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் ஒழியக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

பிறகு வெளிநாட்டு மாதிரியை ஏற்றினார்கள். அது வெள்ளை. அவ்வளவு பெரிய துணி சத்தமே போடாமல் எழுந்தது. "நான் மட்டும் போறேன்" என்று ஐயா சொன்னார். உள்ளே போனார்.

வெளியிலிருந்து அவர் நிழல் தெரிந்தது. மேலே வெயில், நடுவில் துணி, துணிக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நடக்கிற ஒரு நிழல். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று. சில சமயம் நின்றுவிடுவார். நிழல் வெளிறிப்போய், உள்ளே யாருமே இல்லையோ என்று தோன்றும். பிறகு வேறொரு பக்கத்தில் மறுபடி தெரியும். கூடத்தின் ஓரங்களில் பெண்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். இருபது, முப்பது, நாற்பது. காற்றாடியின் உறுமல் போகப்போக சத்தமாகவே தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மணி பன்னிரண்டே முக்காலைத் தாண்டியிருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கொறடா. "எங்கம்மா இருக்காரு? கிளம்பியாச்சா? எண்ணிப் பாத்தாச்சு. அவரு வந்து கையைத் தூக்கினா ஜெயிச்சோம். வரலைன்னா சரிசமமா நின்னு ஒப்பந்தம் விழுந்துடும். தலைகீழா நின்னாவது கொண்டுவந்து சேரு."

"கிளம்பிட்டே இருக்காருங்க" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வந்தால் எந்த அட்டை ஜெயிக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வராவிட்டால் ஒப்பந்தம் இல்லை. அக்கா நாளைக்கும் இதே கூடத்துக்கு வருவாள், நாளை மறுநாளும். நான் எதையும் மறைக்க வேண்டாம், யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம். அந்த நிழல் இன்னும் அரை மணி நேரம் நடந்தால் போதும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. உள்ளே அவரும் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார். அங்கே அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே கார் இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து துணியைச் சுற்றி நடந்து வந்தாள். "எத்தனை மணிக்குக் கிளம்பணும் அவரு?"

"இருக்கு நேரம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. "எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

"ஒண்ணே கால்." கூடத்துக் கடிகாரத்தில் ஒன்று பத்து. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நான் எதுவும் பண்ணல. நீயும் எதுவும் பண்ண வேணாம். அவரா பாத்துட்டு அவரா வரட்டும். வரலைன்னா அதோட ஒப்பந்தம் போச்சு. கொறடா சொல்லிட்டான். உன் வேலை நிக்கும்க்கா. இவங்க எல்லாரு வேலையும் நிக்கும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் காதில் அது விழுந்தது. ஒருத்தி மற்றவளிடம் சொல்ல, அது கூடத்தைச் சுற்றி வந்தது. யாரும் அசையவில்லை. அக்காவின் கை என் கைக்குள் சூடாக இருந்தது. விரல்நுனியெல்லாம் நீலம். அவள் துணியைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தெரியும், நாடி அடித்துக்கொண்டது என் விரலில் தட்டியது.

"அவரு வேலைக்குப் போகணும்டி" என்றாள்.

கையை உருவிக்கொண்டாள். காற்றாடி வரைக்கும் எட்டடி இருக்கும். நடந்துபோய் விசையைக் கீழே தள்ளினாள்.

உறுமல் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. துணி உடனே விழவில்லை. என்ன நடந்தது என்று அதற்குப் புரியாததுபோல அப்படியே நின்றது. பிறகு உச்சியில் ஒரு குழி விழுந்தது. வெள்ளை மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. "ஐயா மேல விழுந்துடும், புடிங்கடி!" என்று யாரோ கத்தினாள். நாற்பது பேரும் ஓடினார்கள். தரை வளையங்களிலிருந்து விளிம்பை அவிழ்த்து, கிடைத்த இடத்தில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அவ்வளவு லேசான துணி. கையில் பிடித்திருக்கிறோமா என்றே தெரியவில்லை.

நடுப்பகுதி மட்டும் யாருக்கும் எட்டவில்லை. அது தன் போக்கில் இறங்கி இறங்கி, அவர் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. துணி முகத்தில் படாமல் இருக்க அவர் கையைத் தூக்கியிருந்தார். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைத் துணிக்கு அடியில், ஐந்து விரலும் தெரிய, ஒரு கை மட்டும் உயர்ந்து நின்றது.